பார்வை பெறுதல்: வான்கோவின் தொடக்கக்காலக் கோட்டோவியங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

மறைக்கல்வி ஆண்டு விழாவையொட்டிச் சிறாருக்கு ஓவியப் போட்டி நடத்தும் வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் உண்டு. 'இறைவனின் படைப்பு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும். பெரும்பாலான தாள்கள் ஒரே படத்தைச் சுமந்துகொண்டு வந்து சேரும். முக்கோணமாக இரண்டு மலைகள். அவற்றின் நடுவே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும். வானத்தில் நான்கைந்து பறவைகள். நான் பணியாற்றிய பங்குகளுள் ஒன்று கடற்கரைச் சிற்றூர். அங்கே எத்திசையில் நோக்கினும் மலை தென்படாது. சூரியன் கடலிலிருந்துதான் எழும். ஆயினும் அவ்வூர் மீனவச் சிறாரும் தவறாமல் இரண்டு மலைகளை வரைந்து, அவற்றின் இடுக்கில் சூரியனைச் செருகிக் கொடுத்தார்கள். தங்கள் தந்தையர் நாள்தோறும் கரையேற்றும் கட்டுமரத்தை வரைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் சோம்பியிருக்கவில்லை, வண்ணம் தீட்டுவதில் மிகுந்த உழைப்பைச் செலுத்தியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வரைந்தது கண்ணால் கண்டதை அன்று. 'படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று முன்னரே கற்றுக்கொண்டதை. ஓவியம் பழகத் தொடங்கும் எவரும், அவருக்கு வயது எதுவாயினும், இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். 'எனக்குக் கை வராது, சாமி' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் பெயரைக் கையொப்பமிடத் தெரிந்த கைக்கு வரைவதற்கு வேண்டிய பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வராதது கண். முகம் ஒன்றை வரையச் சொன்னால் நாம் கண்களை ஏறத்தாழ நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறோம். உண்மையில் அவை உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் அமைந்துள்ளன. கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கும் முகத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது இவ்வளவே! மேசையின் நான்கு கால்களும் ஒரே நீளமுடையவை என்று நமக்குத் தெரியும். ஆகவே ஒரே நீளமாக வரைகிறோம். மேசை அந்தரத்தில் மிதக்கிறது. புலன்களின் வழியாக முதலில் வராத எதுவும் அறிவினுள் இல்லை என்று குருமடத்து மெய்யியல் வகுப்பில் படித்தோம். அது உண்மையே. ஆயின் ஓவியம் பழகுபவர் அதன் மறுபக்கத்தையும் காண நேர்கிறது. அறிவினுள் ஒருமுறை குடியேறிய பொருள் திரும்பி வந்து, புலன்களின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

இந்த அடைப்பு எவ்வாறு திறக்கிறது என்பதைப் படிப்படியாகக் காண விரும்புவோர்க்கு வின்சென்ட் வான்கோவின் கடிதங்களைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுதியவற்றுள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. 2009இல் அவை விளக்கக் குறிப்புகளுடன் ஆறு தொகுதிகளாக வெளியாயின. சூரியகாந்திப் பூக்களையும், விண்மீன் இரவையும், வெட்டுண்ட காதையும் மட்டுமே அறிந்தவர்கள் முதல் மூன்று நான்கு ஆண்டுக் கடிதங்களைப் படித்தால் வியந்துபோவார்கள். இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய நாவலும் அதையொட்டி 1956இல் வந்த திரைப்படமும் பித்தேறிய மேதை ஒருவரை நம் மனத்தில் பதித்துவிட்டன. கடிதங்களில் நாம் சந்திப்பவரோ, அளவுகோலும் நூலும் வைத்துக்கொண்டு முழங்கை எங்கே மடிகிறது என்று மன்றாடும் ஒரு தொடக்கநிலை மாணவர்.

அவர் ஓவியராக முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. ஆண்டு 1880. அதற்கு முன் அவர் இறைப்பணியை நாடியவர் என்பது நம் வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஹாலந்தின் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் மகன் அவர். ஓவிய வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்து, அதை இழந்து, ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கி, அதையும் இடையில் கைவிட்டார். 1878 இறுதியில் பெல்ஜியத்தின் பொரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு நற்செய்திப் பணியாளராகச் சென்றார். தம் உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்தார், வைக்கோலில் படுத்தார், காயமுற்ற தொழிலாளரைப் பேணினார். ஆறு மாதக் காலப் பணி 1879இல் நீட்டிக்கப்படவில்லை. அவரது அர்ப்பணத்தைப் பாராட்டிய சபை அறிக்கை, மறையுரைக்கு வேண்டிய சொல்வன்மை அவரிடம் இல்லை என்று குறித்தது. அடுத்த ஆண்டு, அதே சுரங்கப் பகுதியில், ஒரு தொழிலாளியின் வீட்டுச் சிற்றறையில் அமர்ந்து அவர் பென்சிலைக் கையில் எடுத்தார்.

முதலில் அவர் செய்தது என்ன? சுரங்கத் தொழிலாளர்களை வரைந்தார். பனியில் வரிசையாக நடந்து வேலைக்குச் செல்லும் உருவங்கள். குச்சிகளுக்கு உடை மாட்டியது போன்றவை. அவை தேறவில்லை என்பதை அவரே முதலில் அறிந்தார். அவ்வறிவு சிறிய கொடை அன்று. தாம் முன்பு பணியாற்றிய கூப்பில் நிறுவனம் வெளியிட்டிருந்த ஷார்ல் பார்க் என்பவரின் ஓவியப் பயிற்சித் தாள்களை எழுதிக் கேட்டு வருவித்தார். கரிக்கோல் பயிற்சி என்னும் பகுதியில் 60 தாள்கள். நின்ற, அமர்ந்த, குனிந்த மனித உடல்களின் புறக்கோடுகள். அறுபதையும் வரிசையாக வரைந்து முடித்தார். பின்னர் மீண்டும் வரைந்தார். ழான் பிரான்சுவா மில்லே என்னும் பிரெஞ்சு ஓவியரின் உழவர் படங்களைப் பார்த்தும் இடைவிடாமல் எழுதிப் பழகினார். 'பார்த்து வரைதல்' என்பதற்கும் 'பார்த்து எழுதுதல்' என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நல்ல கையெழுத்தைப் பார்த்தெழுதிய பிள்ளைக்குத்தான் தன் கையெழுத்து கோணல் என்று தெரியவருகிறது.

1882இல் ஹேக் நகரில் அவர் செய்துகொண்ட கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தச்சரிடம் ஒரு மரச்சட்டம் செய்யச் சொன்னார். கொல்லரிடம் கொடுத்து அதன் மூலைகளுக்கும் கால்களுக்கும் இரும்பு பொருத்தினார். மணற்குன்றுகளில் ஊன்றி நிறுத்துவதற்காக அக்கால்களுக்கு இரும்பு முனைகள். சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலை சாய்வாகவும் நூல்கள். தம்பிக்கு எழுதிய மடலில் அதன் படத்தையும் வரைந்து அனுப்பினார். சன்னல் வழியே பார்ப்பதுபோல் அதன் வழியே பார்த்து வரையலாம் என்றும், பழகப் பழக மின்னல் விரைவில் வரைய வரும் என்றும் மகிழ்ந்து எழுதினார். இக்கருவி அவருடைய கண்டுபிடிப்பு அன்று. டியூரர் 1525இல் வெளியிட்ட நூலிலேயே இதன் வகைகள் உள்ளன.

இச்சட்டம் என்ன செய்கிறது? கொத்தனாரின் தூக்குக் குண்டும் ரசமட்டமும் சுவருக்குச் செய்வதையே இது கண்ணுக்குச் செய்கிறது. எதிரே ஒரு தெரு இருக்கிறது. தொலைவில் செல்லச் செல்ல வீட்டுக் கூரைகள் சரிகின்றன. எவ்வளவு சரிகின்றன என்பதை மனம் சொல்லாது. 'கூரை நேராகத்தானே இருக்கிறது' என்று வாதிடும். கிடைநூலை ஒட்டிப் பார்த்தால் சரிவு கண்கூடாகத் தெரிகிறது. செங்குத்து நூலை ஒட்டிப் பார்த்தால், கிழவரின் காது அவருடைய முழங்காலுக்கு நேர் மேலே வருகிறது என்று தெரிகிறது. நூலுக்கும் தோளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்தால் தோள் தானாகவே சரியாக வந்துவிடுகிறது. 'தோள்' என்ற சொல்லைச் சட்டம் அறியாது. அதற்கு எல்லாம் கோடும் இடைவெளியுமே. தச்சரைத் தேடிப் போக இயலாதவர், கையை முழுதாக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் நோக்கி, தலையின் நீளம் உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று அளந்து பழகலாம். ஒரு நாற்காலியை எடுத்து, அதன் கால்களை விட்டுவிட்டு, கால்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களை மட்டும் வரையலாம். கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து ஒளியும் நிழலும் மட்டும் நிற்கும். இவையாவும் ஒரே வேலையைச் செய்கின்றன. பொருளின் பெயரைச் சிறிது நேரம் மறக்கச் செய்கின்றன.

இனி, திறனாய்வாகச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறேன். வான்கோவின் தொடக்கக்கால ஓவியங்களின் குறையை 'உடற்கூறு தெரியவில்லை, அளவு தெரியவில்லை' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேறொன்றும் தென்படுகிறது. 1881இல் அவர் வரைந்த 'சுமை தாங்குவோர்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். பொரினாஜின் பெண்கள் நிலக்கரி மூட்டைகளை முதுகில் சுமந்து, இடுப்பொடியக் குனிந்து வரிசையாக நடக்கின்றனர். மரமொன்றில் சிலுவைச் சுரூபம் தொங்குகிறது. தொலைவில் கோவில் தெரிகிறது. கருத்து விளங்காமல் போக வழியே இல்லை. அப்பெண்களின் சுமை ஆண்டவருடைய சிலுவை. அக்கருத்தை எந்தப் பங்குத்தந்தையும் தவக்காலத்தில் ஒரு முறையாவது சொல்லியிருப்பார், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் படத்தை மீண்டும் நோக்குங்கள். பெண்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே பெண், ஒரே குனிவு. மூட்டையின் கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. அந்தச் சுரங்கப் பகுதியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், அம்மக்களுக்காகத் தம் சட்டையைக் கழற்றிக் கொடுத்த ஒருவர் வரைந்த படம் இது! அவர் அவர்களை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படத்தில் இருப்பது இரக்கம், பெண்கள் இல்லை. அவருடைய இரண்டு மலைகளும் ஒரு சூரியனும் இவையே.

இரக்கமும் பார்வையை மறைக்கக் கூடும் என்று சொன்னால் சில வாசகர்கள் வருந்தலாம். எனக்கும் இது எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடியதாக இருக்கவில்லை. நம் மறையுரைகளில் எத்தனை முறை 'ஏழை' வருகிறான்! அவனுக்குக் கிழிந்த உடை, ஒட்டிய வயிறு, கலங்கிய கண். முன் வரிசைத் தரையில் அமர்ந்திருக்கும் ஏழைப் பெண், அன்று காலையில்தான் அடகுக்கடையிலிருந்து மீட்ட தோட்டைப் பெருமையோடு அணிந்து, பக்கத்திலிருப்பவளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் என் மறையுரையில் இல்லை. மாற்கு நற்செய்தியின் எட்டாம் பிரிவில் பெத்சாயிதாவின் பார்வையற்றவர் குணம் பெறும் நிகழ்ச்சி வருகிறது. நற்செய்திகளிலேயே இரண்டு படிகளில் நிகழும் குணமளித்தல் இது ஒன்றுதான். இயேசு முதல்முறை தொட்டபின் அவருக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். மீண்டும் தொட்டபின்தான் அனைத்தும் தெளிவாகின்றன. இந்த இடைநிலையை மறையுரையில் நாங்கள் விரைந்து கடந்துவிடுகிறோம். ஓவியம் பழகுபவர் அங்கேயே பல ஆண்டுகள் தங்க நேரும். 'சுமை தாங்குவோர்' அந்த இடைநிலையில் வரையப்பட்ட படம்.

இரண்டாவது தொடுதல் வான்கோவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. உறவினரும் புகழ்பெற்ற ஓவியருமான ஆன்டன் மோவ் அவருக்குச் சில காலம் ஆசிரியராக இருந்தார். உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையத் தூண்டினார். பிறகு சுண்ணச் சாந்தில் வார்த்த கைகால்களைப் பார்த்து வரையச் சொன்னார். வான்கோவுக்குச் சினம் வந்துவிட்டது; அந்த வார்ப்புகளைக் கரித்தொட்டியில் எறிந்து உடைத்தார். ஆசிரியருடன் உறவும் முறிந்தது. ஓவியரின் வாழ்க்கையைப் புகழ்வோர் இந்நிகழ்ச்சியை வீரச் செயலாகச் சொல்வதுண்டு. எனக்கு அது வீம்பாகவே தோன்றுகிறது. அசையாத, சம்பளம் கேட்காத, இரக்கத்தைத் தூண்டாத வெள்ளைக் கால் ஒன்றைவிடத் தொடக்கநிலை மாணவருக்கு உதவும் ஆசிரியர் யார்? நான்கு ஆண்டுகள் கழித்து, 1886இல் ஆன்ட்வெர்ப் நகரின் ஓவியக் கழகத்தில் சேர்ந்தபோது, அதே வார்ப்புகளின் முன்பு அவரே விரும்பி அமர்ந்தார்.

ஹேக் நகரில் அவருக்கு வேறொரு பள்ளி கிடைத்தது. முதியோர் இல்லத்துக் கிழவர்கள் சிறு கூலிக்கு வந்து அவர் முன் அமர்ந்தனர். நீண்ட மேலங்கி, தொப்பி, ஒருவருடைய மார்பில் பழைய போர்ப் பதக்கம், இன்னொரு படத்தில் குடையுடன் முதுகு காட்டி நிற்கும் கோலம். இவற்றில் வான்கோ எதையும் போதிக்கவில்லை. மேலங்கியின் முதுகுத் தையல் எங்கே இழுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். 1882 நவம்பரில், ஒட்டுப் போட்ட உடையணிந்த வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்திருப்பதை வரைந்தார். முந்தைய ஆண்டிலும் இதே கோலத்தை முயன்றிருந்தார். இம்முறை முதுகின் வளைவும், முழங்கை பதியும் இடமும், தரையில் ஊன்றிய கனத்த காலணிகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. சிலுவைச் சுரூபம் இப்படத்தில் இல்லை. கல்லச்சாக எடுத்தபோது அதற்கு 'முடிவில்லா வாழ்வின் வாயிலில்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார். பெயரை எடுத்துவிட்டாலும் படம் குலையாது. 'சுமை தாங்குவோர்' படத்தில் பெயரை எடுத்துவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு.

1883 டிசம்பரில் அவர் பெற்றோர் வாழ்ந்த நியூனன் என்னும் சிற்றூருக்கு வந்தார். அங்கே குளிர்காலம் முழுதும் உழவர்களின் தலைகளை வரைந்தார். ஐம்பது தலைகள் வரைவது என்பது திட்டம். அதன் விளைவே 1885இல் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்'. அதன் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் வான் ரப்பார்ட் கடுமையாக எழுதினார். பின்னாலுள்ள பெண்ணின் கையில் உண்மை இல்லை. காப்பிக் கூசாவுக்கும் மேசைக்கும் கைக்கும் என்ன தொடர்பு? வலப்புறத்து ஆணுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் எங்கே? அவன் கை ஒரு மீட்டர் குறையலாமா? இத்தகைய கேள்விகள். நட்பு அதனால் நலிந்தது. இரு தரப்பையும் படித்தபின் என் முடிவு இது: ரப்பார்ட் சொன்ன பிழைகள் பெரும்பாலும் பிழைகளே, ஆயினும் அவர் படத்தைக் காணவில்லை. அந்தக் கைகள் நிலத்தைத் தோண்டி எடுத்த கிழங்கையே தட்டிலிருந்து எடுக்கின்றன என்பது எவருக்கும் தெரியும்படி இருக்கிறது. தம் உருவங்கள் 'சரியாக' இருந்துவிட்டால் தாம் மனம் உடைந்துபோகக் கூடும் என்ற பொருளில் வான்கோ தம்பிக்கு எழுதினார். ஓவியம் பழகும் இளைஞர்கள் இவ்வரியைப் பிடித்துக்கொண்டு அளவைத் துறந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அறுபது தாள்களை மீண்டும் மீண்டும் வரைந்தவர் அதைச் சொல்லலாம். ஆறு தாள்களையேனும் வரையாதவர் சொன்னால் அது சாக்கு.

இந்த ஆண்டில்தான் அவர் இன்னொன்றையும் கற்றுக்கொண்டார். உருவத்தைப் புறக்கோட்டிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து, திரட்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கருத்தை, டெலக்ரோவாவைப் பற்றிய நினைவுக்குறிப்பு ஒன்றில் படித்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே செல்பவருக்கு உடல் தட்டையாகிறது. முட்டை முட்டையாகத் திரண்ட பகுதிகளாகக் காண்பவருக்கு உடல் கனம் பெறுகிறது. அவ்வாண்டுக் கோடையில் கரிய சாக்கட்டியால் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள். முகம் பெரும்பாலும் மறைந்திருக்கிறது. நம் முன்னே இருப்பது அகன்ற முதுகு, கூடாரம்போல் விரிந்த பாவாடை, தரையைத் தொடும் கை. முழு உடலும் அந்த ஒரு கையை நோக்கிச் சரிகிறது. ரூத்தின் கதையை அவர் சிறுவயது முதல் அறிந்திருப்பார். படத்தில் ரூத்தைத் தேடினால் கிடைக்கமாட்டாள். நியூனன் ஊர்ப் பெண் ஒருத்தி குனிந்திருக்கிறாள். நான்கே ஆண்டுகளில் சுமை தாங்கும் பெண்களிலிருந்து இவளை வந்தடைந்த தொலைவை ஓவியத்தில் நான் கண்ட பெரும் பயணங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதன்பின் நிகழ்ந்ததைச் சொல்ல எனக்குச் சிறிது கூச்சம் உண்டு. ஆயினும் அதை மறைத்து இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது. நியூனன் பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழ்ந்த ஊர். உருளைக்கிழங்குப் படத்துக்கு அமர்ந்த குடும்பத்தின் இளம்பெண் ஒருத்தி மணமாகாமல் கருவுற்றாள். பழி ஓவியர்மேல் விழுந்தது. தாம் அதற்குக் காரணமல்லர் என்றும், காரணமானவர் அப்பங்கின் சபையினருள் ஒருவர் என்றும் வான்கோ தம்பிக்கு எழுதினார். கத்தோலிக்கப் பங்குத்தந்தை, இனி எவரும் அந்த ஓவியர் முன் அமரலாகாது என்று மக்களுக்குச் சொன்னார். அமர மறுப்போருக்குப் பணம் தருவதாகவும் சொன்னாராம். உம்மிடம் இரந்து வாங்குவதைவிட அவரிடம் உழைத்துப் பெறுவதே மேல் என்று சிலர் மறுமொழி கூறினர் என்பதையும் வான்கோ பதிவு செய்திருக்கிறார். இருப்பினும் 1885 செப்டம்பருக்குப் பின் அவருக்கு அமர்வோர் அரிதாயினர்.

அந்தப் பங்குத்தந்தையின் நிலையில் இருந்து பார்க்க முயல்கிறேன். ஊரில் ஒரு பெண்ணுக்குக் கேடு நேர்ந்திருக்கிறது. வேற்றுச் சபையைச் சேர்ந்த, மணமாகாத, விந்தையான உடையணிந்த ஒருவர் குடிசைகளுக்குள் நேரம் காலமின்றிப் போய்வருகிறார். ஓர் ஆயன் கவலைப்படாமல் இருக்க முடியுமா? நானாக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பேன். ஒருவேளை அதே தடையை நானும் விதித்திருப்பேன். ஆனால் அக்குடிசைகளில் விளக்கு எந்த உயரத்தில் தொங்கியது, கிழவி காப்பியை எப்படி ஊற்றினாள், யாருடைய கண் யாரை நோக்கியது என்பதையெல்லாம் அக்குருவைவிட அந்த ஓவியர் நன்கு அறிந்திருந்தார். அவர் குருவிடம் இல்லாத ஒன்றைச் செய்தார். மணிக்கணக்காக அவர்களைப் பார்த்தார். திருத்த முயலாமல் பார்த்தார். மேய்ப்புப் பணிக்கான பாடத்திட்டத்தில் எங்களுக்கு அப்பயிற்சி இல்லை. தியானத்தில் பெத்லகேம் குகையை மனக்கண்ணால் காணக் கற்பித்தார்கள்; அது நல்லதே. வீடு மந்திரிப்புக்குச் செல்லும்போது அடுப்படியை ஊனக்கண்ணால் காண எவரும் கற்பிக்கவில்லை.

அமர மனிதர் கிடைக்காதபோது வான்கோ என்ன செய்தார்? பறவைக்கூடுகளை எடுத்துவைத்து வரைந்தார். ஆப்பிள்களையும் உருளைக்கிழங்குகளையும் தீட்டினார். கூடு என்பது தொடக்கநிலை மாணவரை அழவைக்கும் பொருள். ஒவ்வொரு குச்சியையும் வரையத் தொடங்கினால் கூடு கலைந்துவிடும், வரையாமல் விட்டால் கூடாகவே இராது. அக்டோபரில், அவ்வாண்டு மார்ச்சில் இறந்துபோன தம் தந்தையின் பெரிய விவிலியத்தை மேசையில் விரித்துவைத்து ஒரே நாளில் தீட்டினார். பக்கத்தில் அணைந்த மெழுகுதிரி. முன்னே, படித்துப் படித்து ஓரம் நைந்த ஒரு பிரெஞ்சு நாவல். எழுதியவர் எமிலி சோலா. மகன் தந்தையின் மறையை விட்டு விலகியதன் அடையாளம் என்று பலர் இப்படத்தை விளக்குகிறார்கள். அப்படியும் இருக்கலாம். எனக்குக் கண்ணில் படுவது வேறு. விவிலியம் விரிந்திருக்கும் இடம் எசாயாவின் 53ஆம் பிரிவு. ஓவியர் அதைப் படிக்கும்படி எழுதியிருக்கிறார். பார்வைக்கு அழகில்லாததால் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட துன்புறும் ஊழியரைப் பற்றிய பகுதி அது. கத்தோலிக்கக் குருவால் முகங்கள் மறுக்கப்பட்ட மாதத்தில் அவர் அப்பக்கத்தைத் திறந்துவைத்தார். கருதித்தான் செய்தாரா என்று எந்தக் கடிதமும் எனக்குச் சொல்லவில்லை. தீட்டியிருக்கும் விதமோ, அங்கும் அவர் போதிக்கவில்லை என்று சொல்கிறது. தாளின் கனம், தடித்த அட்டையின் விளிம்பு, பக்கங்களின் மேல் படரும் வெளிறிய ஒளி ஆகியவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் நியூனனை விட்டுச் சென்றார். பாரிசும், ஆர்லும், உலகறிந்த வண்ணங்களும் பின்னர் வந்தவை. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நான் ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். 1890 ஜூனில், ஓவேர் என்னும் ஊரிலிருந்து தம்பிக்கு எழுதியபோது, பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களை மீண்டும் அனுப்பிவைக்குமாறு கேட்டார். அளவுகளையும் மனித உடலையும் தொடர்ந்து பயிலாவிடில் பிற்பாடு தமக்கு இடர் வரும் என்பது அவர் சொன்ன காரணம். பொரினாஜின் சிற்றறையில், 27 வயதில் வரைந்த அதே அறுபது தாள்கள். கேட்டபோது அவருக்கு வயது 37. விண்மீன் இரவை வரைந்து முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. ஜூலை 29ஆம் நாள் இறந்தார்.

எங்கள் பங்கில் இவ்வாண்டு ஓவியப் போட்டிக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்கள் வழக்கம்போல் 'இறைவனின் படைப்பு' என்றே வைக்கலாம் என்கிறார்கள். நான் உபதேசியாரின் பழைய மிதிவண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன். அதைக் கோவில் மண்டபத்தின் நடுவே நிறுத்தி, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திவிட எண்ணம்.